பொலிவான தோற்றம் தரும்

ஜனவரி 9

மேப்புக்கு,

போன் செய்தால் பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். அப்பா இறந்த வீட்டில் வைத்து நீ கத்திய கத்தலுக்குப் பிறகு உன் முகத்திலேயே முழிப்பதில்லை என்று இருந்தேன். லைசென்ஸ் ஆபீசில் உட்கார்ந்துகொண்டு என்னை எழுத வைத்துவிட்டாய்.

என் முகக் கிரீமுக்குப் போட்ட விண்ணப்பம் திரும்பி வந்தது. சிவப்பு மையில் "மருந்து வகை. அழகுசாதன உரிமம் தர இயலாது" என்று எழுதி, கீழே உன் கையெழுத்து. அந்த வால் நீட்டின எழுத்து வேறு யாருக்கு வரும்? கூடப் பிறந்தவள் பெயர் மேலே இருக்கிறதே என்று ஒரு நிமிஷமாவது கை நின்றதா? நின்றிருக்காது.

இவ்வளவு படித்தவளுக்கு நான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. முகத்தில் பூசுவது அழகுசாதனம். வாயில் போட்டு விழுங்குவது மருந்து. பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டால்கூடச் சொல்லும்.

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில் நானும் இரண்டு பெண்களும் நின்றபடியே கலக்கி, நிரப்பி, மூடி போட்டு, கால் வீங்கிப் போய் வளர்த்த கிரீம் இது. இப்போதுதான் ஒரு பெரிய கடைக்காரர் தானாக வந்து கேட்கிறார். திரும்பின பக்கமெல்லாம் கிளை வைத்திருக்கிறவர். டப்பாவில் லைசென்ஸ் நம்பர் இருந்தால் ஏப்ரலில் எனக்கென்று தனியாக ஒரு கவுண்டர் திறந்து தருகிறேன் என்கிறார். அந்தக் கவுண்டரில் நிற்கப்போவது குட்டி. டப்பா மேல் இருக்கும் படமும் அவள்தான். "உங்க பொண்ணு மூஞ்சிதாங்க விளம்பரம், வேற ஒண்ணும் வேணாம்" என்று அவரே சொன்னார். அந்தப் பிள்ளை கல்லூரியை விட்டுவிட்டு, கண்ணாடி முன்னால் நின்று எப்படிச் சிரிப்பது என்று பழகிக்கொண்டிருக்கிறது.

என் மேல் இருக்கும் வயிற்றெரிச்சலை அவள் மேல் கொட்டாதே. உனக்கென்று பிள்ளை குட்டி இல்லை. சித்தி என்று கூப்பிட இருக்கிற ஒரே ஜீவன் அதுதான்.

அக்கா


ஜனவரி 17

அக்காவுக்கு,

உறையின் மேல் என் பதவியைப் போட்டு, பக்கத்திலேயே "மேப்பு" என்றும் எழுதியிருந்தாய். அலுவலக உதவியாளர் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "மேடம், இது நீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். இனி இந்த மாடி முழுக்க நான் மேப்புதான். கன்னம் இரண்டிலும் உலக மேப் மாதிரி கருத்து மங்கு விழுந்திருக்கிறது என்று கல்லூரி நாளில் நீ வைத்த பெயர், தலை நரைத்த பிறகு வேலை செய்யும் இடம் வரைக்கும் வந்துவிட்டது. சந்தோஷமா?

விஷயத்துக்கு வருகிறேன். எங்கே பூசுகிறாய் என்பதை வைத்து நாங்கள் பிரிப்பதில்லை. அது என்ன செய்யும் என்று நீ சொல்கிறாயோ, அதை வைத்துத்தான் பிரிக்கிறோம். அழுக்கைப் போக்கும், மணக்க வைக்கும், பார்க்க நன்றாக இருக்கச் செய்யும் என்றால் அழகுசாதனம். உடம்பில் இருக்கும் ஒரு கோளாறைத் தீர்க்கும் என்றால் மருந்து. பல்லை வெள்ளையாக்கும் என்று ஒரு பற்பசை வந்தால் அழகுசாதனம் என்று எழுதுவேன். அதே பற்பசை ஈறில் ரத்தம் கசிவதை நிறுத்தும் என்று வந்தால் மருந்து. உள்ளே இருக்கும் பசை ஒன்றாகவே இருக்கலாம். உன் டப்பாவில் "மங்கு வேரோடு மறையும், நிச்சய குணம்" என்று போட்டிருக்கிறாய். குணம் என்று சொன்னால் சோதனை வேண்டும், மருத்துவர்கள் வேண்டும், ஷெட்டுக்குப் பதில் தொழிற்சாலை வேண்டும். உன்னால் ஆகிற காரியமில்லை.

வார்த்தையை மாற்று. "பொலிவான தோற்றம் தரும்" என்று போட்டுக்கொள். அப்படிப் போட்டால் அது வேலை செய்கிறதா என்று யாரும் கேட்க மாட்டார்கள். தடை செய்த எதுவும் சேர்க்கவில்லை என்று நீ உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் போதும், உரிமம் கிடைக்கும். சட்டம் அப்படித்தான் இருக்கிறது, நான் எழுதியதல்ல.

மாதிரிக்கு அனுப்பிய டப்பாக்களைத் திருப்பித் தரும் வழக்கம் இல்லை. காணாமல் போய்விடும் என்று பயப்படாதே. ஜன்னல் இல்லாத இந்த அறையில் நூறு வாசனை கலந்து எல்லாருக்கும் தும்மல் வருகிறது, ஆனாலும் மாதிரிச் சோப்பையும் ஷாம்பூவையும் பையில் போட்டுக்கொண்டு போகாத ஆள் கிடையாது. நான் ஒருத்தி மட்டும் எடுத்ததில்லை. அதனால் எனக்கு இங்கே திமிர் பிடித்தவள் என்று பெயர்.

குட்டி கல்லூரியை விட்டது எனக்குத் தெரியாது. அவளிடம் பேசினேன். கவுண்டர் திறக்கும் அன்றைக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

தங்கை


பிப்ரவரி 12

மேப்புக்கு,

உறையில் ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறேன். உள்ளே எப்படி வேண்டுமானாலும் கூப்பிடுவேன், நான் அக்கா.

லைசென்ஸ் வந்துவிட்டது. நன்றி என்று எழுத வேண்டுமாம், குட்டி சொல்கிறாள். நன்றி. அச்சடித்து வைத்திருந்த பழைய பெட்டிகளை எல்லாம் எடைக்குப் போட்டேன். நல்ல கூத்துதான் உங்கள் சட்டம். வேலை செய்யும் என்று உள்ளதைச் சொன்னால் குற்றம். வேலை செய்கிற மாதிரி தெரியும் என்று இழுத்தால் லைசென்ஸ். அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு நீங்கள் செய்கிற வேலை இதுதானா என்று ஷெட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

ஏப்ரல் மூன்றாம் தேதி கவுண்டர் திறக்கிறார்கள். நீ வராதே.

மனதில் வைத்துக்கொள்ளாதே, ஒளிக்காமல் சொல்கிறேன். மங்குக்குக் கிரீம் விற்கிற இடத்தில், இரண்டு கன்னத்திலும் மங்கோடு நீ வந்து நின்று, இவங்க யாரு என்று ஒருத்தர் கேட்டு, குட்டி "எங்க சித்தி" என்று சொன்னால், அத்தோடு மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். "சொந்தத் தங்கச்சிக்கே ஒண்ணும் ஆகலையே" என்று கேட்க மாட்டார்களா? புதுச் சேலை, புதுச் செருப்பு, பூச்செண்டு என்று நீ வந்து நின்றால் நான் எங்கே கொண்டு போய் உன்னை மறைப்பேன்? குட்டிக்கும் அதே எண்ணம்தான். தூக்கி வளர்த்த சித்தி ஆயிற்றே என்று வாயைத் திறக்காமல் இருக்கிறாள்.

நீ தப்பாக எடுத்துக்கொண்டால் அது உன் பாடு.

அக்கா


மார்ச் 2

அக்காவுக்கு,

படித்தேன். வரவில்லை.

அலுவலகத்துக்காகக் கேட்கவில்லை, எனக்குத் தெரிய வேண்டும். சேர்மானத்தில் "பேஸ்" என்று ஒரே ஒரு வார்த்தை எழுதியிருக்கிறாயே, அந்த பேஸ் எங்கிருந்து வருகிறது? அதில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியுமா?

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள். ஒருத்தி ஒரு மாதம் பூசுகிறாள், முகம் தெளிகிறது. பிறகு நான்கைந்து நாள் பூசாமல் விடுகிறாள். என்ன ஆகும்? எரியுமா? சிவக்குமா? இதற்கு மட்டும் பதில் எழுது. திட்டுவதை அடுத்த கடிதத்துக்கு வைத்துக்கொள்.

இன்னொன்று. குட்டியின் முகத்தில் எந்தக் காலத்திலும் ஒரு புள்ளிகூட இருந்ததில்லை. அவளுக்கு எதற்குப் பூசுகிறாய்?

தங்கை


மார்ச் 9

மேப்புக்கு,

ஆகா, ஆபீசர் அம்மாவுக்கு இப்போதுதான் அக்காவின் தொழில் ரகசியம் வேண்டியிருக்கிறதா? வேறு எவளுக்காவது சொல்லிக்கொடுக்கப் போகிறாயா? சொல்லிக்கொடு. என் கைப்பக்குவம் யாருக்கும் வராது.

பேஸை நான் செய்வதில்லை, அதை யாருமே சொந்தமாகச் செய்வதில்லை. வாளிக்காரர் ஒருத்தர் மாதம் ஒரு தடவை வண்டியில் கொண்டுவந்து இறக்குவார். வெள்ளை வாளி, மேலே ஒரு எழுத்தும் இருக்காது. அதில் கற்றாழையும் பன்னீரும் வாசனையும் சேர்த்து மெஷினில் அடிப்பது நான். உள்ளே என்ன என்று ஒருநாள் கேட்டேன். "அக்கா, வேலை செய்யுதா இல்லையா? அப்புறம் என்ன?" என்றார். நியாயம்தானே. முன்னால் வேறு ஆளிடம் வாங்கினேன், அவன் பேஸை ஒரு வருஷம் பூசினாலும் ஒன்றும் ஆகாது. இவருடையது மூன்று வாரத்தில் முகத்தைத் துடைத்து வைத்துவிடும்.

நிறுத்தினால் என்ன ஆகும் என்கிறாயா? கேள். எங்கள் ஷெட்டில் மூடி போடுகிறவள் இருக்கிறாளே, அவள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு வாரம் போனாள், டப்பாவை எடுத்துப்போக மறந்துவிட்டாள். திரும்பி வரும்போது முகமெல்லாம் சிவந்து, வீங்கி, தலையைத் துணியால் மூடிக்கொண்டு ஓடி வருகிறாள். "அக்கா, ஒரு டப்பா குடுங்கக்கா, முடியல" என்று ஒரே அழுகை. கொடுத்தேன். பூசின மறுநாளே அடங்கிவிட்டது. பார்த்துக்கொள், தோல் அந்த அளவுக்குப் பழகிவிடுகிறது! ஒரு தடவை வாங்கினவள் வேறு கிரீம் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டாள். வியாபாரத்துக்கு இதைவிட என்ன வேண்டும் சொல்.

குட்டிக்கு எதற்கு என்று கேட்டாய். ஒன்றும் இல்லாத முகத்துக்குப் பூசினால்தானே மெருகு தெரியும்? ஆறு மாசமாகக் காலையும் மாலையும் நானே என் கையால் பூசுகிறேன். இப்போது வந்து பார்க்க வேண்டும் நீ. கன்னம் வெங்காயச் சருகு மாதிரி அவ்வளவு மெல்லிசு. உள்ளே ஓடுகிற நரம்புகூடத் தெரிகிறது. வெயிலில் இரண்டு நிமிஷம் நின்றால் ரோஜாப்பூ மாதிரி சிவந்துவிடுகிறாள். கடைக்காரர் பார்த்துவிட்டு அசந்துபோனார்.

பொறாமைப்படாதே. உனக்கும் ஒரு டப்பா அனுப்பலாம் என்றுதான் நினைத்தேன், உன் மூஞ்சிக்கு ஒரு டப்பா எந்த மூலைக்கு என்று விட்டுவிட்டேன்.

அக்கா


மார்ச் 21

அக்காவுக்கு,

உன் மாதிரி டப்பாவில் ஒன்றை ஆய்வகத்துக்கு அனுப்பினேன். முடிவு நேற்று என் மேஜைக்கு வந்தது.

வாளிக்காரர் தரும் பேஸில் ஸ்டீராய்டு இருக்கிறது. தோல் வியாதிக்கு மருத்துவர் சீட்டு எழுதி, இத்தனை நாளைக்குத்தான் என்று கணக்குச் சொல்லிக் கொடுக்கும் மருந்து அது. அழகுசாதனத்தில் கடுகளவும் சேர்க்கக் கூடாது. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, நரம்பு தெரியும், வெயில் பட்டால் சிவக்கும். நீ ரோஜாப்பூ என்று எழுதியிருந்தாயே, அதுதான்.

உன் கிரீம் ஏமாற்று வேலை இல்லை. நிஜமாகவே வேலை செய்தது. ஒன்றுக்கும் உதவாத கிரீமாக இருந்திருந்தால் நீ பாட்டுக்கு ஆயுசு முழுக்க விற்றிருக்கலாம், நானும் வருடா வருடம் உரிமத்தைப் புதுப்பித்துக் கொடுத்துக்கொண்டே இருந்திருப்பேன்.

உரிமம் ரத்தாகிறது. திங்கட்கிழமை அதிகாரிகள் வருவார்கள். கடைக்காரருக்கும் ஒரு நகல் போகிறது. கிரீமை உடனே நிறுத்து. விற்பதை மட்டுமல்ல, குட்டி பூசுவதையும் இன்றோடு நிறுத்து.

கவுண்டர் திறக்கும் அன்றைக்கு வராதே என்று எழுதியிருந்தாய். இப்போது யாருமே வரவேண்டியதில்லை.

தங்கை


ஏப்ரல் 6

தங்கச்சிக்கு,

நீ சொன்னபடியே செய்தேன். ஞாயிற்றுக்கிழமையே எல்லா டப்பாவையும் உடைத்துச் சாக்கடையில் கொட்டினேன். குட்டியின் மேஜையில் இருந்ததையும் எடுத்து அதிலேயே போட்டேன். ஒரு துளி மிச்சம் வைக்கவில்லை. திங்கட்கிழமை வந்தவர்கள் மெஷினுக்குச் சீல் வைத்தார்கள், ஷெட்டுக்குப் பூட்டுப் போட்டார்கள். "இதைப் பூசி யாருக்காவது பாதிப்பு உண்டா? உங்க குடும்பத்துல?" என்று கேட்டார்கள். "ஒருத்தருக்கும் இல்லை சார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு அது உண்மைதான். குட்டி உள்ளே நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை ஆரம்பித்தது. முதலில் கன்னம் மட்டும் சிவந்தது. அப்புறம் நெற்றி, தாடை, கண் ரெப்பை. இப்போது முகம் முழுக்கப் பொடிப்பொடியாகக் கொப்புளம், நீர் வடிகிறது. ஃபேன் காற்றுப் பட்டால் அலறுகிறாள். ஈரத்துணியை மேலே போட்டால் அது காய்வதற்குள் அடுத்த துணி கேட்கிறாள். கண்ணாடிக்கு மேல் துண்டைப் போட்டு மூடியிருக்கிறாள். "அம்மா, இந்த மூஞ்சியக் கழட்டி வெச்சுட்டா தேவலன்னு இருக்கும்மா" என்கிறாள். பெற்றவள் கேட்கிற பேச்சா இது?

டாக்டரிடம் போகலாம். போனால் என்ன பூசினீர்கள் என்றுதான் முதலில் கேட்பார். சொன்னால், நான் எழுதிக் கொடுத்தது பொய் என்று ஆகிவிடும். சொந்தப் பிள்ளைக்கே பாதிப்பு என்று தெரிந்தால் கேஸ் வேறு மாதிரிப் போகும், உள்ளே தள்ளிவிடுவார்கள் என்று வக்கீல் சொல்கிறார். நான் உள்ளே போனால் இவளுக்கு யார் இருக்கிறார்கள்? வாளிக்காரர் போன் எடுப்பதில்லை.

உன் ஆபீசில் என் மாதிரி டப்பா இன்னும் இருக்கும். திருப்பித் தருகிற வழக்கம் இல்லை என்று நீதான் எழுதினாய். ஒன்றே ஒன்று அனுப்பு. மூடி போடுகிறவளுக்கு ஒரே நாளில் அடங்கியதை என் கண்ணால் பார்த்தேன். அடங்கட்டும், அப்புறம் ஒரு நாள் விட்டு, இரண்டு நாள் விட்டு, மெதுவாகக் குறைத்துவிடுகிறேன். யாருக்கும் தெரியாது. உன் காலில் விழுகிறேன் என்று வைத்துக்கொள். நேரில் வந்து விழு என்றாலும் விழுகிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீ வரக் கூடாது என்று குட்டி நினைப்பதாக எழுதினேனே, அது நானாக எழுதியது. சித்தியை ஏன் வர வேண்டாம் என்றாய் என்று அவள் அப்போதே என்னிடம் சண்டை போட்டாள். இப்போதும் உன்னைத்தான் கேட்கிறாள். "யாரையும் உள்ள விடாதம்மா. சித்தி மட்டும் வரட்டும். சித்திதான் என்னைப் பார்த்து மூஞ்சியச் சுளிக்க மாட்டாங்க. அவங்களுக்குத்தான் இது எப்படி இருக்கும்னு தெரியும்."

வா. வரும்போது அந்த டப்பாவை எடுத்துக்கொண்டு வா.

அக்கா


ஏப்ரல் 12

அக்காவுக்கு,

தங்கச்சி என்று எழுதியிருக்கிறாய். கடைசியாக எப்போது அப்படிக் கூப்பிட்டாய் என்று யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை. இதற்கு ஒரு பிள்ளையின் முகம் வேண்டியிருந்தது.

நீ அனுப்பியது மூன்று டப்பா. ஒன்று ஆய்வகத்துக்குப் போனது.

இன்னொன்றை ஜனவரியில், "மேப்பு" என்று உறையில் எழுதி அனுப்பினாயே, அன்றைக்கு என் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன். இந்த வேலைக்கு வந்த பிறகு நான் எடுத்துப்போன முதல் பொருள் அதுதான். பூசினேன். முதல் வாரத்திலேயே மங்கின் ஓரம் கரைய ஆரம்பித்தது. பிப்ரவரியில் ஒருநாள் அலுவலக உதவியாளர், "மேடம், லீவு போட்டீங்களா? ஆளே மாறிட்டீங்க" என்றார். பஸ்ஸில் என் பக்கத்து இடம் காலியாக இருந்தால் ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். உனக்கு இதெல்லாம் புரியாது.

கவுண்டர் திறக்கும் அன்றைக்குத் தெளிந்த முகத்தோடு வந்து உன் எதிரில் நிற்க வேண்டும் என்று இருந்தேன். புதுச் சேலைகூட எடுத்திருந்தேன். உன் கையால் செய்ததுதான் அக்கா என்று சொல்லியிருப்பேன். பழசை எல்லாம் விட்டிருப்பேன். அந்த நேரத்தில்தான் நீ, என்னை எங்கே கொண்டு போய் மறைப்பது என்று எழுதினாய். அதைப் படிக்கும்போது என் கன்னத்தில் மங்கே இல்லை.

கோபத்தில் டப்பாவைத் தூக்கி எறிந்தேன். நான்கு நாளில் முகம் பற்றி எரிந்தது. ஒரு பேச்சுக்கு என்று நான் எழுதிக் கேட்டது என்னைப் பற்றித்தான். நீ பெருமையாகப் பதில் எழுதினாய், அது ஸ்டீராய்டு என்று எனக்குப் புரிந்துவிட்டது. அலுவலகத்தில் சீல் வைத்திருந்த மூன்றாவது டப்பாவை அன்றைக்கே பிரித்துப் பூசினேன். மருந்துப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். ஒரேயடியாக நிறுத்தக் கூடாது, நாள் விட்டு நாள் குறைக்க வேண்டும் என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. அப்படித்தான் நான் குறைத்து வருகிறேன்.

உனக்கு மார்ச்சில் எழுதும்போது இது எனக்குத் தெரியும். "உடனே நிறுத்து" என்று எழுதினேன். மெதுவாக என்ற வார்த்தையை எழுதவில்லை. மறதி என்று நினைத்துக்கொள்ளாதே. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்துதான் இருந்தேன். குட்டியும் நான் வருவதை விரும்பவில்லை என்று நீ எழுதிய வரி எதிரிலேயே இருந்தது. அதை நம்பினேன்.

அவளைத் தோல் மருத்துவரிடம் கூட்டிப்போ. அவர் திட்டுவார், பிறகு அதே ஸ்டீராய்டைச் சீட்டில் எழுதி, குறைக்கும் வழியும் சொல்லித் தருவார். சீட்டோடு வந்தால் அது மருந்து, யாரும் ஒன்றும் கேட்க முடியாது. ஆனால் என்ன பூசினோம் என்று நீ வாயைத் திறந்து சொல்ல வேண்டும். உன்னால் முடியாது, பயம். என் முகத்துக்காக நானும் ஒரு டாக்டரிடம் போய்ச் சொல்ல முடியாது. எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டால் என் வேலை போய்விடும். ஒரே வயிற்றில்தான் பிறந்திருக்கிறோம், சந்தேகமே இல்லை.

குட்டி கேட்கிற சித்தி இப்போது இல்லை என்று அவளிடம் சொல். என்னைப் பார்த்தால் அவளுக்கு ஆறுதலாக இருக்காது. என் கன்னம் அந்த டப்பாவின் மேல் இருக்கும் படம் மாதிரி இருக்கிறது.

மூன்றாவது டப்பாவில் பாதி மிச்சம் இருக்கிறது. கண்ணாடிக்குப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறேன். பார்த்துப் பார்த்துப் பூசினால் ஒரு முகத்துக்கு வரும். இரண்டு முகத்துக்கு வராது.

பார்சலுக்குக் காத்திருக்காதே. டாக்டரிடம் போ.

மேப்பு